சீகர் வீலருக்கு நினைவுப் பலகை வைத்த அரசுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு கனடிய வேளாண் அமைச்சர் அவர்களுக்கும், கனடிய உணவுப் பரிசோதனை முகமையின் பயிர் உருவாக்குநர் உரிமை அலுவலகத்தாருக்கும்,

வணக்கம்.

சஸ்காட்சுவான் மாகாணத்தில், சாஸ்கட்டூனிலிருந்து பிரின்ஸ் ஆல்பர்ட் போகும் வழியில் ரோஸ்தர்ன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அதன் பக்கத்தில் மேப்பிள் குரோவ் பண்ணை. அந்தப் பண்ணையைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது உங்கள் அரசுதான். அங்கே உழுது விதைத்த சீகர் வீலரை நாட்டு வரலாற்றில் இடம்பெற்ற மனிதர் என்று ஏற்றதும் உங்கள் அரசுதான். நல்ல காரியம். எனக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கிறது: வீலர் செய்த வேலையைச் செய்ய இன்று ஒரு விவசாயி கிளம்பினால், உங்கள் விதைச் சட்டத்தில் அவருக்கு எந்த இடம்?

இந்த மடலின் ஆங்கிலப் பிரதி உங்களுக்குத் தனியாக வருகிறது. தமிழில் எழுதக் காரணம், எங்கள் ஆட்களும் படிக்க வேண்டும் என்பதுதான். இங்கே குளிர்நாட்டில் வீட்டுக்குப் பின்னால் ஆப்பிளும் புளிப்புச் செர்ரியும் வைத்திருக்கும் தமிழர்கள் நிறையப் பேர். அவர்களில் பலர் வீலர் என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீலர் 1868இல் இங்கிலாந்தின் வைட் தீவில் பிறந்தவர். பெரிய படிப்பு கிடையாது. 1885இல், பதினேழு வயதில், கனடாவுக்கு வந்தார். அந்த ஆண்டுதான் மெட்டி மக்கள் (பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழியில் வந்தவர்கள்) லூயி ரியெல் தலைமையில் அரசை எதிர்த்து எழுந்து, பட்டோஷில் தோற்கடிக்கப்பட்டார்கள். பட்டோஷ் ரோஸ்தர்னிலிருந்து தூரமில்லை. குடியேறிகளுக்குக் கால் சதுர மைல், அதாவது 160 ஏக்கர், என்று பிரித்துக் கொடுத்த நிலம், பூர்வகுடி மக்களோடு அரசு செய்த ஆறாம் உடன்படிக்கைக்கு உட்பட்ட நிலம். கிரீ என்ற பூர்வகுடி மக்களும் மெட்டி மக்களும் வாழ்ந்த மண். 'முன்னோடி விவசாயி' என்று வீலரைப் புகழும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். உங்கள் நினைவுப் பலகைகள் இப்படிப்பட்ட இடங்களில் கொஞ்சம் அவசரமாகக் கடந்து போய்விடுகின்றன.

சரி, விவசாயத்துக்கு வருவோம். அன்றைய புல்வெளி மாகாணங்களில் (இன்றைய மனிட்டோபா, சஸ்காட்சுவான், அல்பர்ட்டா) ரெட் ஃபைஃப் என்ற கோதுமைதான் ராஜா. ஒன்டாரியோவில் டேவிட் ஃபைஃப் என்ற விவசாயி 1842 வாக்கில் பெருக்கியது. ரொட்டிக்கு அருமையான மாவு கொடுக்கும். ஆனால் முற்றுவதற்கு நாளாகும். சஸ்காட்சுவானில் ஆகஸ்ட் கடைசியிலேயே உறைபனி விழுந்துவிடலாம். பால் பிடித்து நிற்கும் கதிரில் பனி விழுந்தால் மணி சுருங்கிப்போகும். ஒரு வருட உழைப்பு கோழித் தீவனமாகும். இங்கே ஒரு வாரம் முன்னதாக முற்றும் கோதுமை என்றால் அது ஒரு குடும்பம் ஊரில் நிலைப்பதா, மூட்டை கட்டுவதா என்ற கேள்விக்குப் பதில்.

அந்தப் பதில் அரசுப் பண்ணையிலிருந்து வந்தது. உங்கள் துறையின் சோதனைப் பண்ணைகளைத் தொடங்கிவைத்த வில்லியம் சாண்டர்ஸின் மகன்களில் இருவருக்கு இதில் பங்குண்டு. 1892இல் பெர்சி சாண்டர்ஸ், ரெட் ஃபைஃபையும் இந்தியாவிலிருந்து வந்த ஹார்ட் ரெட் கல்கத்தா என்ற கோதுமையையும் இனக்கலப்பு செய்தார். கல்கத்தா சீக்கிரம் முற்றும். ஆனால் விளைச்சல் குறைவு. அந்தக் கலப்பில் பிறந்த குப்பையையும் தங்கத்தையும் பிரித்தெடுத்தவர் அண்ணன் சார்ல்ஸ் சாண்டர்ஸ். மாவு அரைத்து ரொட்டி சுட்டுப் பார்க்கும் அளவுக்கு மணி இல்லாத நிலையில், ஒவ்வொரு வகையிலும் சில மணிகளை வாயில் போட்டு மென்று, பசை எப்படி இழுக்கிறது என்று பார்த்தார். அப்படித் தேறியதுதான் மார்க்விஸ். 1907இல் அதன் விதை 23 பவுண்டு இந்தியன் ஹெட் பண்ணைக்குப் போனது. சில ஆண்டுகளிலேயே விவசாயிகளுக்குச் சிறு சிறு பொட்டலமாகக் கிடைத்தது.

அப்படி ஒரு பொட்டலம் வீலர் கைக்கு வந்தது. அவர் விளைத்த மார்க்விஸ், 1911இல் நியூயார்க் நிலக் கண்காட்சியில் முதலிடம் பெற்றது. கனடிய பசிபிக் ரயில்வேயின் தலைவர் அறிவித்திருந்த பரிசு, ஆயிரம் டாலர் பெறுமதியான தங்கக் காசு. ரோஸ்தர்ன் எங்கே இருக்கிறது என்று நியூயார்க்கில் யாருக்கும் தெரிந்திருக்காது! பிறகு 1914, 1915, 1916, 1918 ஆகிய ஆண்டுகளிலும் உலகக் கோதுமைப் பட்டம் அவருக்கே.

ஆனால் பட்டங்களை நான் பெரிதாக நினைக்கவில்லை. கண்காட்சிக்குப் போகும் ஒரு மூட்டையைப் பொறுக்கிச் சுத்தம் செய்து அனுப்ப யாராலும் முடியும் என்று சொல்பவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். வீலர் ஆண்டு முழுக்க வயலில் என்ன செய்தார் என்பதில்தான் என் அக்கறை.

அறுவடைக்கு முன் விளைந்து நிற்கும் பயிருக்குள் இறங்கி நடப்பார். எல்லா மணியும் ஒரே சமயத்தில் பழுத்த கதிர், நுனி வரை மணி நிறைந்த கதிர், தாள் சாயாமல் நிற்கும் கதிர், கை பட்டதும் மணி உதிராத கதிர் என்று தேடித் தேடி வெட்டுவார். ஒவ்வொரு கதிரையும் தனியாகக் கசக்கி, மறு ஆண்டு ஒவ்வொன்றையும் தனி வரிசையாக விதைப்பார். பக்கத்துப் பக்கத்து வரிசைகளைப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் அடிக்கும். தேறாத வரிசை கழிந்துபோகும். தேறிய வரிசையின் விதை பாத்தியாகும், பாத்தி வயலாகும். கோதுமை தன் மகரந்தத்திலேயே கருக்கொள்ளும் பயிர் என்பதால், ஒரு கதிரில் கண்ட குணம் பெரும்பாலும் அடுத்த தலைமுறையிலும் அப்படியே நிற்கும். எப்போதாவது இயற்கையாகவே ஒரு கலப்பு நடக்கும், அல்லது ஏதோ ஒரு மாற்றம் தலைகாட்டும். ஆயிரம் கதிருக்கு நடுவே அந்த ஒன்றைக் காணும் கண் வேண்டும். வீலருக்கு அது இருந்தது.

1904இல் தொடங்கிய கனடிய விதை வளர்ப்போர் சங்கமும் விவசாயிகளிடம் இதே வழியைத்தான் பரப்பியது. அதாவது, விவசாயியே தன் நிலத்தில் தேர்வு செய்ய வேண்டும் என்பது அந்தக் காலத்தில் இந்த நாட்டின் வேளாண்மைக் கொள்கையாகவே இருந்தது. தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அரசு கொடுத்த மார்க்விஸிலிருந்தே அவர் தேர்ந்தெடுத்தது மார்க்விஸ் 10பி. கிச்சனர், எர்லி டிரையம்ப் என்று இன்னும் சில கோதுமைகள் அவர் கையால் வெளியே வந்தன. எனக்கு மிகவும் பிடித்தது ரெட் பாப்ஸின் கதை. பாப்ஸ் என்பது ஆஸ்திரேலியாவில் வில்லியம் ஃபேரர் உருவாக்கிய வெள்ளை மணிக் கோதுமை. அதை விதைத்த இடத்தில் சிவப்பு மணியோடு தென்பட்டதை வீலர் விடாமல் பிடித்துப் பெருக்கினார். அதுதான் ரெட் பாப்ஸ். பின்னாளில் அல்பர்ட்டா பல்கலைக்கழகம் அதே ரெட் பாப்ஸிலிருந்து மறுபடியும் தேர்வு செய்து ரெட் பாப்ஸ் 222 என்ற வகையைக் கொடுத்தது. வட அல்பர்ட்டாவின் குறுகிய கோடைக்கு அது பொருந்தியது. ஆஸ்திரேலியப் பண்ணையிலிருந்து ரோஸ்தர்ன் விவசாயிக்கு, அவரிடமிருந்து பல்கலைக்கழகத்துக்கு, அங்கிருந்து மறுபடியும் விவசாயிகளுக்கு. யாரும் யாரிடமும் அனுமதிக் கடிதம் கேட்கவில்லை. வீலர் விதை விற்றார், பணமும் பார்த்தார். துறவி ஒன்றும் கிடையாது. தன் முறைகளை 1919இல் ஒரு நூலாகவும் எழுதி வெளியிட்டார். மறு ஆண்டே குயின்ஸ் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது.

அப்புறம் பழமரங்கள். புல்வெளியில் ஆப்பிளா என்று சிரித்த காலம் அது. குளிர் மைனஸ் நாற்பது வரை இறங்கும். அதைவிட மோசம், குளிர்காலத்தின் நடுவே வரும் திடீர் வெப்பம்: மரம் வசந்தம் என்று நினைத்து உறக்கம் கலைக்கும், அடுத்த வாரம் மொட்டோடு கருகும். கிழக்கிலிருந்து வந்த ஆப்பிள் கன்றுகள் இப்படித்தான் ஒவ்வொன்றாகச் செத்தன. வில்லியம் சாண்டர்ஸ் சைபீரியக் காட்டு ஆப்பிளின் விதையை ரஷ்யாவிலிருந்து வரவழைத்து, அதை நல்ல ஆப்பிளோடு இனக்கலப்பு செய்து பார்த்தார். காய் சிறிது, புளிப்பு அதிகம், ஆனால் மரம் பிழைத்தது. வீலர் இந்த வேலையைத் தன் பண்ணைக்குக் கொண்டுபோனார். காற்றைத் தடுக்க மரவேலி போட்டு, அதன் மறைவில் ஆப்பிள், பிளம், செர்ரி என்று வைத்து, எது குளிரைத் தாங்குகிறது என்று பல குளிர்காலங்கள் பொறுத்திருந்து பார்த்தார். கோதுமையில் ஒரு தேர்வுக்கு ஒரு கோடை போதும். பழமரத்தில் காய் பார்க்கவே பல வருடம் ஆகும். பட்டமும் புகழும் கிடைத்த பிறகு ஒரு மனிதர் இதற்குள் இறங்கினார் என்றால் அவருடைய பொறுமையை என்னவென்று சொல்வது! மேப்பிள் குரோவைத் தலமாக அறிவித்தபோது நீங்கள் போற்றியதில் இந்தத் தோட்டமும் அடங்கும்.

நானும் ஒரேயடியாகப் பழைய காலத்தைத் தூக்கிப் பிடிக்க வரவில்லை. 1916இல் தண்டுத் துரு என்ற பூஞ்சை நோய் வந்தபோது மார்க்விஸ் வயல்கள் அப்படியே விழுந்தன. வீலரின் கூர்மையான கண்ணாலும் அதற்கு மருந்து காண முடியவில்லை. துருவைத் தாங்கும் தாட்சர் என்ற கோதுமை 1930களின் நடுவில்தான் வந்தது. அது மினசோட்டாவில், அரசு ஆய்வுக்கூடங்களின் உழைப்பில் பிறந்தது. 1950களில் புதிய துரு வந்தபோது தாட்சரும் விழ, செல்கிர்க் என்ற கோதுமை கைகொடுத்தது. ஆகவே விவசாயி மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. ஆய்வகம் இல்லாமல் வீலருக்கு மார்க்விஸ் இல்லை. வீலர் போன்றவர்கள் இல்லாமல் மார்க்விஸ் அவ்வளவு வேகமாக மண்ணில் கால் பதித்திருக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு திறந்தே இருந்தது. அந்தக் கதவைப் பற்றித்தான் இந்த மடல்.

1990இல் பயிர் உருவாக்குநர் உரிமைச் சட்டம் வந்தது. புதிய பயிர் வகையை உருவாக்கியவருக்கு அதன் விதையை விற்கும் தனி உரிமையைக் கொடுக்கும் சட்டம் அது. 2015 பிப்ரவரியில் அதன் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. உரிமைக் காலம் 18 ஆண்டிலிருந்து 20 ஆனது. மரங்களுக்கும் கொடிகளுக்கும் 25. அதோடு, ஒரு வகையிலிருந்து பெரும்பாலும் பெறப்பட்டு, அதன் அடிப்படைக் குணங்களைத் தாங்கியிருக்கும் இன்னொரு வகைக்கும் முதல் வகையின் உரிமையாளருக்கே பிடி உண்டு என்ற விதியும் வந்தது. உரிமை பெற்ற பயிருக்குள் தென்படும் மாறுபட்ட செடியைத் தேர்ந்தெடுப்பதும் அந்த விதிக்குள் வரலாம் என்று, அந்தத் திருத்தத்துக்கு அடிப்படையான 1991ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையே (UPOV) உதாரணம் சொல்கிறது.

இப்போது மார்க்விஸ் 10பியை நினைத்துப் பாருங்கள். இன்று ஒரு வீலர், 2015க்குப் பிறகு உரிமை பெற்ற ஒரு கோதுமையை விதைத்து, அதில் ஒரு நல்ல கதிரைக் கண்டு, பல ஆண்டுகள் வரிசை வரிசையாக விதைத்துத் தேற்றினால் என்ன ஆகும்? தேர்வு செய்ய யாரும் தடுக்க மாட்டார்கள். ஆய்வுக்கும் புதிய வகை உருவாக்கவும் சட்டம் விலக்கு கொடுத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து வயல்காரருக்கு அந்த விதையை விற்க வேண்டும் என்றால் முதல் வகையின் உரிமையாளரிடம் போய் நிற்க வேண்டும். அதையும் தாண்டினால், மேற்குக் கனடாவில் கோதுமை வகையைப் பதிவு செய்யப் பல இடங்களில், பல பருவங்களில் கூட்டுச் சோதனை. பரிந்துரைக் குழுவின் ஒப்புதல். கனடியக் கோதுமையின் தரத்தைக் காக்க அது தேவை என்று எனக்குத் தெரியும். ஆனால் தனி விவசாயி ஒருவர் அந்தச் செலவையும் அலைச்சலையும் எப்படிச் சுமப்பார்?

இதற்கு மேல், பழமரங்களின் பக்கமும் கதவைச் சாத்தப் பார்க்கிறீர்கள். உரிமை பெற்ற வகையின் விளைச்சலிலிருந்து தன் நிலத்துக்கு மட்டும் விதை எடுத்துவைக்கும் விவசாயி சலுகை 2015 திருத்தத்தில் இருக்கிறது. பழங்கள், காய்கறிகள், அலங்காரச் செடிகள், கலப்பின வகைகள் ஆகியவற்றுக்கு அந்தச் சலுகையை நீக்கும் விதிமுறை வரைவை 2025 ஆகஸ்ட்டில் வெளியிட்டு மக்கள் கருத்துக் கேட்டீர்கள். என் கருத்து: வேண்டாம். வீட்டுத் தோட்டத்தில் சொந்தத்துக்கு வளர்ப்பவரைச் சட்டம் தொடாது என்பது உண்மை. அடி வாங்கப் போவது சந்தைக்குப் பழம் கொண்டுபோகும் சிறு தோட்டக்காரர். காசு கொடுத்து வாங்கிய பத்து மரத்தில் மூன்று குளிரில் செத்தால், பிழைத்த மரத்தின் கிளையை ஒட்டுக் கட்டி அந்த இடத்தை நிரப்புவதுதான் இந்தக் குளிர்நாட்டில் காலம்காலமான வழக்கம். குளிரைத் தாங்கி நின்ற மரம் எது என்று காட்டும் சோதனையும் அதுதான்.

புதிய பழ வகைகளை உருவாக்குபவர்களுக்கு வருமானம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். சஸ்காட்சுவான் பல்கலைக்கழகத்தின் பழப் பிரிவு 1999இல் கார்மைன் ஜூவல் என்ற குட்டைப் புளிப்புச் செர்ரியைக் கொடுத்தது. அதன் வேர் 1940களில் சாஸ்கட்டூனில் லெஸ் கெர் என்பவர் செய்த இனக்கலப்புகளில் இருக்கிறது. மங்கோலியச் செர்ரியின் குளிர் தாங்கும் குணமும் ஐரோப்பியப் புளிப்புச் செர்ரியின் சுவையும் சேர்ந்தது. எங்கள் வீட்டில் அந்தச் செர்ரியில் ஊறுகாய் போடுகிறோம். மாங்காய் கிடைக்காத ஊரில் அது பெரிய ஆறுதல். அப்படிப்பட்ட வேலைக்குப் பணம் வேண்டும்தான். கன்று விற்கும் நாற்றுப் பண்ணைகளிடம் வாங்குங்கள். தன் வரிசையில் விழுந்த இடைவெளியை நிரப்புபவரிடம் கை நீட்டாதீர்கள்.

கோதுமையில் கணக்கு இன்னும் தெளிவு. புல்வெளி விவசாயி விற்கும் தானியத்தில் ஒரு பங்கு ஆராய்ச்சிக்கென்று பிடிக்கப்படுகிறது. அவர் கட்டும் வரியிலும் உங்கள் ஆய்வு நிலையங்கள் நடக்கின்றன. இரண்டு முறை காசு கொடுத்தவரிடம் மூன்றாம் முறையாக, எடுத்துவைத்த விதைக்கும் கட்டணம் வாங்கலாமா என்று 2018, 2019இல் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கேட்டீர்கள். விவசாயிகள் கொடுத்த பதில் உங்களுக்கு நினைவிருக்கும்.

பொதுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி என்ன தரும் என்பதற்கு எங்கள் அடுப்படியே சாட்சி. 1972இல் ஆல் ஸ்லின்கார்ட் என்ற பயிர் ஆராய்ச்சியாளர் சஸ்காட்சுவான் பல்கலைக்கழகத்தின் பயிர் மேம்பாட்டு மையத்துக்கு வந்தபோது இங்கே லென்டில் பருப்புச் சாகுபடி என்று சொல்ல ஒன்றுமில்லை. 1978இல் லேர்ட் என்ற பச்சை நிற லென்டில் வந்தது. பின்னாளில் சிவப்பு லென்டிலும் பரவியது. இன்று இலங்கையில் மைசூர்ப் பருப்பு என்று வாங்கித் தேங்காய்ப் பாலில் வைக்கும் கறியில் சஸ்காட்சுவானின் பங்கு பெரிது. யாழ்ப்பாணத்தில் சாப்பிட்ட பருப்பின் வயலை இங்கே வந்து பார்க்கிறோம்.

நான் கேட்பதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. அரசு ஆய்வு நிலையங்களில் பிறக்கும் கோதுமை வகைகளுக்கு உரிமையாளர் உங்கள் துறைதான். அந்த வகைகளை விதை நிறுவனங்களுக்கு விநியோகத்துக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: இந்த வகையிலிருந்து விவசாயி தன் நிலத்தில் தேர்வு செய்யும் புதிய வகைக்கு உரிமையாளரின் அனுமதி முன்கூட்டியே வழங்கப்படுகிறது என்று. உங்கள் சொத்துக்கு நீங்கள் கொடுக்கும் அனுமதி. யாரைக் கேட்க வேண்டும்?

பதிவுச் சோதனைக்கு வருகிறேன். மனிட்டோபா பல்கலைக்கழகத்தார் 2011 முதல் கோதுமை, ஓட்ஸ் கலப்புகளை விவசாயிகளிடமே கொடுத்து, அவரவர் வயலில் தேர்வு செய்ய வைக்கிறார்கள். வீலரின் வழிதான் அது, பெயர் மட்டும் புதிது. அப்படித் தேறும் வகைகளைக் கூட்டுச் சோதனையில் சேர்க்கும் செலவை உங்கள் துறை ஏற்கட்டும். ஒவ்வொரு ஆண்டும் விவசாயி தேர்வுகளுக்கென்று சில இடங்களை ஒதுக்குங்கள். சாஸ்கட்டூனில் இருக்கும் உங்கள் தாவர மரபு வள வங்கியிலிருந்து பழைய வகைகளின் விதை கேட்கும் விவசாயிக்கு, ஆய்வாளருக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு கொடுங்கள்.

பழமரங்களுக்கான வரைவைத் திரும்பப் பெறுங்கள். முடியாது என்றால் குறைந்தபட்சம் ஒரு அளவு வையுங்கள். இத்தனை ஏக்கருக்குக் கீழே உள்ள தோட்டத்துக்குச் சலுகை தொடரும் என்று. சிறு விவசாயி என்ற தனிப் பிரிவை ஐரோப்பிய ஒன்றியம் தானியங்களுக்கு வைத்திருக்கிறது. உங்களால் பழத்துக்கு அப்படி ஒன்று எழுத முடியாதா?

பதில் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ வந்தாலும் பரவாயில்லை. ஆங்கிலம் என்றால் நானே தமிழாக்கி எங்கள் ஆட்களுக்குப் போட்டுவிடுவேன். பிரெஞ்சு என்றால் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும், இரண்டு நாள் கூடுதலாகும். விவசாயி தேர்வுகளுக்கான அந்த ஒப்பந்த வரியைப் பற்றி மட்டுமாவது 'ஆம்' அல்லது 'இல்லை' என்று தெளிவாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
சாஸ்கட்டூனில் ஆறு செர்ரிச் செடியும் இரண்டு ஆப்பிள் மரமும் வளர்க்கும் ஒரு தமிழன்